குடியை விட நினைப்பவருக்குத் துணை நிற்போம்

ஜும்ஆ உரை

புகழ் அனைத்தும் நம்மைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. அருமை நாயகம் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள், அவர்கள் வழி நடந்த நல்லோர் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

அல்லாஹ்வின் நல்லடியார்களே! மிம்பரில் நின்று மது ஹராம் என்று சொன்னால் இங்கே மறுப்பவர் யாரும் இல்லை. மதரஸாவில் படிக்கும் பிள்ளைக்கும் அது தெரியும். குடிக்கிறவருக்கும் தெரியும், சொல்லப்போனால் நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஹராம் என்று தெரிந்தும் விட முடியாமல் இரவில் அழுகிறவர்கள் நம் மஹல்லாவிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய மனைவிமார்கள் இருக்கிறார்கள். வாப்பாவின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் அடுத்த அறைக்கு ஓடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்றைய உரை அவர்களுக்காக. விட வேண்டும் என்று நினைப்பவர் எங்கே போவது, யாரிடம் போவது, நாம் அவருக்கு என்ன செய்வது என்பதைப் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.

மது முதலில் எதை வெட்டுகிறது?

ஸூரா அல்மாயிதாவின் 90, 91-வது வசனங்களை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மதுவையும் சூதாட்டத்தையும் ஷைத்தானின் அசுத்தச் செயல் என்று சொல்லி, விலகிவிடும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான். அடுத்து, ஷைத்தான் இவற்றைக் கொண்டு என்ன செய்ய விரும்புகிறான் என்பதையும் விளக்குகிறான். இரண்டு கேடுகளை அங்கே பார்க்கிறோம். ஒன்று, உங்களுக்குள் பகையையும் வெறுப்பையும் உண்டாக்குவது. மற்றது, அல்லாஹ்வின் நினைவை விட்டும் தொழுகையை விட்டும் உங்களைத் தடுப்பது.

முதலில் மனிதர்களிடமிருந்து பிரிப்பதும், அடுத்து அல்லாஹ்விடமிருந்து பிரிப்பதும் சொல்லப்பட்டிருக்கின்றன. குடிக்கிறவரின் வாழ்க்கையைக் கவனித்தால் இந்த வரிசை நமக்கே புரியும். மனைவியோடு சண்டை. அண்ணன் தம்பியோடு பேச்சு வார்த்தை இல்லை. கல்யாண வீட்டுக்கு வருவதில்லை. வந்தாலும் பந்தியில் உட்காருவதில்லை. கடன் கொடுத்தவரைப் பார்த்தால் வேறு தெரு. ஒரு நாள் ஜும்ஆவும் விடுபடுகிறது. கடைசியில் அந்த மனிதர் தனி ஆள். துணைக்குப் பாட்டில் மட்டும்.

மந்தையை விட்டுப் பிரிந்து தனியே போகும் ஆட்டைத்தான் ஓநாய் தின்னும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஜமாஅத் தொழுகையைப் பற்றிச் சொல்லும்போது அப்படிச் சொன்னார்கள். நோய் தனிமைப்படுத்துகிறது என்றால், மருந்து மறுபடியும் கூட்டத்தில் சேர்ப்பதாகத்தானே இருக்க வேண்டும்? இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சின் சாரம் இதுதான்.

மதீனா மக்கள் எப்படி விட்டார்கள்?

அரபு மக்கள் குடியில் ஊறியவர்கள். அல்லாஹ் ஒரே நாளில் அதைத் தடுக்கவில்லை. அல்பகராவின் 219-வது வசனத்தில், அதன் பாவம் பயனைவிடப் பெரியது என்று அறிவித்தான். அந்நிஸாவின் 43-வது வசனத்தில், போதையோடு தொழுகையை நெருங்க வேண்டாம் என்று தடுத்தான். பிறகுதான் அல்மாயிதாவின் முழுத் தடை வந்தது. எடுத்த எடுப்பில் மது குடிக்காதீர்கள் என்ற கட்டளை இறங்கியிருந்தால், ஒருக்காலும் விடமாட்டோம் என்று மக்கள் சொல்லியிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விளக்கியதை இமாம் புகாரி பதிவு செய்திருக்கிறார்கள். பழகிப்போன குடியின் பிடி எத்தனை வலுவானது என்பது படைத்தவனுக்குத் தெரியும்.

முழுத் தடை வந்த அன்று நடந்ததை அனஸ் (ரலி) சொல்கிறார்கள். அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் கூடியிருந்தவர்களுக்கு அனஸ்தான் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே அறிவிப்புச் செய்பவரின் குரல் கேட்டது. மது தடுக்கப்பட்டுவிட்டது என்று தெரிந்ததும், அபூதல்ஹா அதைக் கொண்டுபோய்க் கொட்டிவிடச் சொன்னார்கள். மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. இது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

இதில் நாம் ஈமானின் வலிமையைப் பார்க்கிறோம், அது சரிதான். கூடவே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அவர்கள் சேர்ந்து விட்டார்கள். அபூதல்ஹா கொட்டினார், பக்கத்து வீட்டுக்காரரும் கொட்டினார், எதிர் வீட்டுக்காரரும் கொட்டினார். மறுநாள் மாலை கை நடுங்கும்போது, அதே நடுக்கத்தோடு பக்கத்தில் இன்னொருவர் இருந்தார். வா, ஒரு வாய் குடி என்று இழுக்க அந்தத் தெருவில் ஆள் இல்லை.

இன்று நம் சகோதரர் தனியாக விட வேண்டியிருக்கிறது. வேலை முடிந்து வரும் வழியில் கடை திறந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலிருந்து மதுச் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. கூடக் குடித்த கூட்டாளி அலைபேசியில் அழைக்கிறான். தெருவே அவரைப் பின்னால் இழுக்கிறது. முன்னால் இழுக்கத்தான் ஆள் இல்லை.

ரமளானைப் பாருங்கள். வருடம் முழுக்கக் குடிக்கும் எத்தனையோ பேர் ரமளானில் தொடுவதில்லை. எப்படி முடிகிறது? நோன்பின் பரக்கத். ஷைத்தான்கள் விலங்கிடப்படும் மாதம். அதோடு, அந்த மாதம் ஊரே அவரோடு இருக்கிறது. இஃப்தாருக்கு நோன்புக் கஞ்சி வாங்கப் பள்ளிக்கு வருகிறார். தராவீஹ் ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார். ஸஹருக்கு எழுப்ப ஆள் இருக்கிறது. பெருநாள் முடிந்ததும் அவரவர் வேலைக்குப் போய்விடுகிறோம். அவர் தனியாகிறார். ஷவ்வால் பிறை ஆறு ஏழுக்குள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறார். அப்போது, இவன் ரமளான் முஸ்லிம் என்று நாம் கேலி பேசுகிறோம்.

தவ்பாவுக்குப் பிறகு எங்கே போவது?

புகாரியிலும் முஸ்லிமிலும் அபூஸயீத் அல்குத்ரி (ரலி) அறிவிக்கும் பிரபலமான ஹதீஸ் ஒன்று. முந்திய சமுதாயத்தில் 99 பேரைக் கொன்ற ஒருவர். தவ்பா உண்டா என்று ஒரு துறவியிடம் போய்க் கேட்டார். அவர் இல்லை என்றார். அவரையும் கொன்று நூறாக்கினார். பிறகு ஓர் ஆலிமிடம் போனார். அந்த ஆலிம், உனக்கும் தவ்பாவுக்கும் நடுவே யார் தடையாக நிற்க முடியும் என்று நம்பிக்கை கொடுத்தார்.

அந்த ஆலிம் அத்தோடு அவரை அனுப்பிவிடவில்லை. இன்ன ஊருக்குப் போ. அங்கே அல்லாஹ்வை வணங்கும் மக்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து நீயும் வணங்கு. உன் ஊருக்குத் திரும்பாதே, அது கெட்ட ஊர் என்று வழியும் சொன்னார். அவர் புறப்பட்டார். பாதி வழியில் மௌத் வந்தது. ரஹ்மத்தின் மலக்குகளும் அதாபின் மலக்குகளும் தர்க்கித்தார்கள். தூரம் அளக்கப்பட்டது. நல்ல ஊருக்கு ஒரு சாண் அருகில் இருந்தார். மன்னிக்கப்பட்டார்.

அந்தத் துறவியிடம் தொழுகை இருந்தது, அறிவு இல்லை. கதவை மூடினார். ஆலிம் கதவைத் திறந்ததோடு, போய்ச் சேர வேண்டிய இடத்தையும் சேர வேண்டிய மனிதர்களையும் காட்டினார். குடியை விட்டுவிடு, அல்லாஹ்வைப் பயந்துகொள் என்று மட்டும் சொல்லி நாம் ஒருவரைத் திருப்பி அனுப்பினால், பாதி பத்வாதான் கொடுத்திருக்கிறோம். மீதிப் பாதி, இன்ன இடத்துக்குப் போ, இன்னாரோடு சேர்ந்துகொள் என்பது.

அந்த இடம் எங்கே இருக்கிறது?

அன்பானவர்களே! குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடும் கூட்டங்கள் நம் நாட்டில் பல ஊர்களில் நடக்கின்றன. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். பெயரை வெளியிடாத குடிநோயாளர்கள் என்று பொருள். இது தொடங்கிய விதமே ஒரு பாடம்.

1935-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஆக்ரன் நகரம். நியூயார்க்கிலிருந்து வந்த பில் வில்சன் என்ற பங்குத் தரகர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த வியாபாரம் தோற்றுவிட்டது. தங்கியிருந்த ஓட்டலில் மதுக்கூடம் அவரை அழைத்தது. அவர் மதுக்கூடத்துக்குப் போகாமல் தொலைபேசியிடம் போனார். ஊரில் உள்ள சர்ச்சுகளை அழைத்து, நான் பேச ஒரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் ராபர்ட் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள். அந்த மருத்துவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐயே அந்த அமைப்பின் தொடக்க நாளாகக் கணக்கிடுகிறார்கள். இந்தியாவுக்கு 1957-ல் பம்பாய் வழியாக வந்தது.

கூட்டம் எப்படி நடக்கும்? ஏறத்தாழ ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். கட்டணம் இல்லை. பெயர் மட்டும் சொன்னால் போதும். ஊர், ஜாதி, வேலை யாரும் கேட்பதில்லை. சேர ஒரே நிபந்தனை, குடியை நிறுத்தும் விருப்பம். ஒருவர் தன் கதையைச் சொல்வார். மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்பார்கள். பேசப் பிடிக்காவிட்டால் வெறுமனே உட்கார்ந்து கேட்கலாம். இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இருப்போம் என்பதே அவர்கள் கணக்கு. பழைய உறுப்பினர் ஒருவர் புதியவருக்கு வழிகாட்டியாக இருப்பார். மனம் அலைபாயும்போது பாதி இரவானாலும் அவரை அழைக்கலாம். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கும் வரும் நேரத்தில் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லிக் கொடுப்பார்கள்.

குடிநோயாளிகள் மட்டும் கலந்துகொள்ளும் மூடிய கூட்டம் உண்டு. குடும்பத்தாரும் மற்றவர்களும் வரக்கூடிய திறந்த கூட்டமும் உண்டு. முதல் முறை போகிறவர் எது என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது. தமிழில் நடக்கும் கூட்டங்கள் இருக்கின்றன. இணையம் வழிக் கூட்டங்களும் இருக்கின்றன. ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் அதோடு விட்டுவிட வேண்டாம். வேறு கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். தொடக்கத்தில் 90 நாளில் 90 கூட்டம் என்று அவர்கள் சொல்வதுண்டு. நமக்கு இது புதிதல்ல. ஒரு நாளைக்கு ஐந்து முறை பள்ளிக்கு அழைக்கப்படும் சமுதாயம் நாம். அடிக்கடி சேர்ந்தால்தான் மனம் நிற்கும் என்பது நமக்குத் தெரிந்த பாடம்.

எங்கே விசாரிப்பது? போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேட்கலாம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் அவர்கள் தன் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த பிறகு 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற மையங்களும் உள்ளன. தன் வீட்டுத் துயரத்தை ஊருக்கான கதவாக மாற்றியவர் அந்தப் பெண்மணி.

முஸ்லிம்களுக்கு வரும் சந்தேகங்கள்

முதல் சந்தேகம்: வேறு மதத்தவர் தொடங்கிய கூட்டத்தில் நாம் உட்காரலாமா? சில ஊர்களில் அந்தக் கூட்டம் சர்ச் வளாகத்து அறையில் நடக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள். அகழ் யுத்தத்தின்போது மதீனாவைச் சுற்றி அகழ் தோண்டும் யோசனையை ஸல்மான் அல்ஃபாரிஸி (ரலி) சொன்னார்கள். அது பாரசீக மக்களின் போர்முறை. நபியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், தாமே மண் சுமந்தார்கள். பயனுள்ள வழிமுறை எங்கிருந்து வந்தாலும், அதில் ஷிர்க்கோ ஹராமோ கலக்காதவரை எடுத்துக்கொள்ளலாம். அங்கே எல்லோரும் சேர்ந்து ஒரு பிரார்த்தனை சொன்னால், நீங்கள் மௌனமாக இருந்து உங்கள் துஆவை மனதுக்குள் ஓதிக்கொள்ளுங்கள். நம்மைவிட உயர்ந்த ஒரு சக்தி என்று அவர்கள் பொதுவாகப் பேசும்போது, உங்களுக்கு அது யார் என்று தெரியும். அல்லாஹ்வைத் தவிர வேறு யாரிடமும் நீங்கள் கை ஏந்த வேண்டியதில்லை.

அமெரிக்காவில் முஸ்லிம்களே இதை நம் தவ்பாவின் அடிப்படையில் அமைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1989-ல் பால்டிமோர் நகரில் தொடங்கிய மில்லத்தி இஸ்லாமி என்ற அமைப்பு அப்படிப்பட்டது. நம் ஊர்களில் அப்படி ஒன்று வரும்வரை காத்திருக்க முடியாது. வீடு எரியும்போது, தண்ணீர் யார் கிணற்றுடையது என்று விசாரித்துக்கொண்டிருப்போமா?

இரண்டாவது சந்தேகம் ஆழமானது. செய்த பாவத்தை வெளியே சொல்லக் கூடாது. அல்லாஹ் மறைத்ததைத் தானே பகிரங்கப்படுத்துபவருக்கு மன்னிப்புக் கிடைக்காது என்ற கருத்தில் புகாரியில் ஹதீஸ் இருக்கிறதே, கூட்டத்தில் நான் எப்படிப் பேசுவது? நல்ல கேள்வி. இப்படிக் கேட்கிறவரிடம் ஈமான் உயிரோடு இருக்கிறது. அந்த ஹதீஸ், இரவில் செய்த பாவத்தைக் காலையில் கூச்சமில்லாமல் ஊருக்குச் சொல்பவரைப் பற்றியது. மருத்துவரிடம் நோயைச் சொல்வது அதில் சேராது. உதவி தேடி, மூடிய அறையில், பெயர் வெளியே போகாத இடத்தில், தேவையான அளவு சொல்வது நிவாரணம் தேடுவதாகும். தேவைக்கு மேல் விவரிக்க வேண்டாம். பிறர் சொன்னதை வெளியே கொண்டுவர வேண்டாம். ஒரு முஸ்லிமின் குறையை மறைத்தவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற நபிமொழி அந்த அறையிலும் பொருந்தும்.

மூன்றாவது: குடித்தவரின் தொழுகை 40 நாள் ஏற்கப்படாதாமே, பிறகு எதற்குத் தொழுவது? இந்தப் பேச்சால் பள்ளியை விட்டே போனவர்கள் பலர். திர்மிதி போன்ற நூல்களில் வரும் அந்த ஹதீஸிலேயே, அவர் தவ்பா செய்தால் அல்லாஹ் ஏற்கிறான் என்பதும் இருக்கிறது. நாம் முதல் பாதியைச் சொல்கிறோம், மறு பாதியை விழுங்கிவிடுகிறோம். நன்மை கிடைக்காது என்பதே அதன் பொருள். கடமை நீங்கிவிட்டது என்று பொருள் இல்லை என இமாம்கள் விளக்கியிருக்கிறார்கள். போதை தெளிந்ததும் அவர் தொழ வேண்டும். விட்டால் இரண்டு பாவம். அவருக்குத் தொழுகையை நாம் தடுக்கக் கூடாது.

மருத்துவமும் வேண்டும்

அல்லாஹ் இறக்கிய எந்த நோய்க்கும் மருந்தை இறக்காமல் இல்லை என்று நபியவர்கள் கற்றுத்தந்தார்கள். மதுவை மருந்துக்காகத் தயாரிப்பதாகச் சொன்ன தாரிக் பின் ஸுவைத் (ரலி) அவர்களிடம், அது மருந்தில்லை, நோய் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். இது முஸ்லிமில் உள்ளது. நோய் என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

தினமும் அதிகம் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் உடல் தாங்காமல் போகலாம். சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்குச் சித்தம் கலங்கி இல்லாத உருவங்கள் தெரியும், உயிருக்கே ஆபத்து. ஜின் பிடித்துவிட்டது என்று தாயத்துக்கு ஓடாதீர்கள். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். ஓதிப் பார்ப்பது ஒருபுறம் இருக்கட்டும், மருத்துவம் தாமதமாகக் கூடாது. ரமளானுக்காக நிறுத்த நினைப்பவர்களும் ஷஃபானிலேயே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடி நின்றுவிடும் என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளை வாங்காதீர்கள். குடிக்கு எதிரான சில மாத்திரைகள் உடலில் இருக்கும்போது மது சேர்ந்தால் இதயத்தையே பாதிக்கலாம். மருத்துவர் பார்த்து, நோயாளி சம்மதித்துத்தான் கொடுக்க வேண்டும். ஆளை அடைத்துவைத்து அடிக்கும் மையங்களிலும் விட்டுவிடாதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி பதிவு பெற்ற மையமா என்று கேட்டுப் பாருங்கள்.

கணவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற கூட்டம் தனியாக உண்டு. அவர் குடிப்பது உங்கள் குற்றமில்லை. நீ சரியாக இருந்திருந்தால் அவன் ஏன் குடிக்கிறான் என்று மாமியாரும் உறவினரும் சொல்லும் பேச்சுக்கு மார்க்கத்தில் இடமில்லை. ஒருவர் சுமையை மற்றவர் மேல் அல்லாஹ் ஏற்றுவதில்லை.

நாம் ஷைத்தானுக்கு உதவுகிறோமா?

நபியவர்களின் காலத்தில் அப்துல்லாஹ் என்று ஒருவர். நபியவர்களைச் சிரிக்க வைப்பவர். அவர் குடித்ததற்காக மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டு, தண்டனை பெற்றார். ஒரு முறை கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தார். நபியவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள். உமர் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. இதையடுத்து அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸில், குடித்தவரை அல்லாஹ் கேவலப்படுத்தட்டும் என்று சொன்னவரிடம், உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்ற கருத்தில் சொன்னார்கள்.

பலமுறை தவறியவரின் உள்ளத்தில் நேசம் இருக்கிறது என்று நபியவர்கள் கண்டார்கள். நாம் இரண்டாவது முறை தவறியதும், இவன் தேறமாட்டான் என்று தீர்ப்பு எழுதுகிறோம். குடிநோயிலிருந்து மீள்பவர் இடையில் சறுக்குவது நடக்கக்கூடியது. பாவம் செய்து, தவ்பா கேட்டு, மறுபடி பாவம் செய்து, மறுபடி தவ்பா கேட்ட அடியானை அல்லாஹ் ஒவ்வொரு முறையும் மன்னித்த செய்தியும் புகாரியில் உண்டு. சறுக்கியவர் மறுநாளே கூட்டத்துக்கும் பள்ளிக்கும் திரும்ப வேண்டும். திரும்பும்போது வாசலில் நாம் எந்த முகத்தோடு நிற்கிறோம் என்பதுதான் கேள்வி.

உமர் (ரலி) அவர்களை ஷாம் நாட்டிலிருந்து ஒரு வீரர் அடிக்கடி வந்து பார்ப்பார். சில காலம் காணவில்லை. விசாரித்தார்கள். குடியில் விழுந்துவிட்டார் என்று சொன்னார்கள். கடுமைக்குப் பெயர் பெற்ற உமர் என்ன செய்தார்கள்? எழுத்தரை அழைத்துக் கடிதம் எழுதச் சொன்னார்கள். முதலில் ஸலாம். பிறகு, பாவத்தை மன்னிப்பவன், தவ்பாவை ஏற்பவன், கடுமையாகத் தண்டிப்பவன் என்று அல்லாஹ்வின் பண்புகளைச் சொல்லும் ஸூரா அல்முஃமினின் தொடக்க வசனம். கூட இருந்தவர்களிடம், உங்கள் சகோதரருக்காக துஆ செய்யுங்கள் என்றார்கள். அந்த மனிதர் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்து அழுதார், விட்டுவிட்டார். செய்தி வந்ததும், சறுக்கிய சகோதரரைக் கண்டால் நீங்களும் இப்படியே செய்யுங்கள், அவருக்கு எதிராக ஷைத்தானின் உதவியாளர்களாகிவிடாதீர்கள் என்று உமர் அறிவுறுத்தினார்கள். இமாம் இப்னு கஸீர் தம் தஃப்ஸீரில் இதைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

காணவில்லையே என்று தேடினார்கள். நம் ஸஃப்பில் நான்கு வாரமாகக் காணாத ஒருவரை நாம் தேடியிருக்கிறோமா?

மஹல்லா செய்ய வேண்டியவை

மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் மதுப் பழக்கத்தால் உதவி தேவைப்படுபவர்கள் சுமார் 5.7 கோடி. மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றவர் 38 பேரில் ஒருவர்தான். மற்ற 37 பேரும் எங்கே இருக்கிறார்கள்? வீட்டுக்குள் இருக்கிறார்கள். வெட்கத்துக்குள் இருக்கிறார்கள். அவர்களில் நம்மவர்களும் உண்டு.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் மூன்று வேண்டுகோள். ஒன்று, நம் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன என்று விசாரித்து ஒரு தாளில் எழுதி இமாமிடம் கொடுத்துவையுங்கள். கேட்டு வருபவரை, நாளைக்கு வா என்று திருப்பாமல் அன்றே சொல்ல முடிய வேண்டும். இரண்டு, ரகசியம் காக்கத் தெரிந்த இரண்டு பெரியவர்களை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கூட்டத்துக்கு வண்டியில் அழைத்துப்போய், முடியும்வரை வெளியே காத்திருந்து கூட்டி வரட்டும். முதல் முறை அந்த வாசலைத் தாண்டுவதுதான் கஷ்டம். மூன்று, சிகிச்சைக் காலத்தில் வருமானம் நின்றுபோகும் வீட்டுக்குப் பைத்துல்மாலிலிருந்து அரிசியும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் போகட்டும். பணத்தை அவர் கையில் தராமல் வீட்டுக்கு நேரே சேர்த்துவிடுங்கள்.

சகோதரர்களே! ஸூரத்துல் அஸ்ரில் நஷ்டத்திலிருந்து தப்புகிறவர்களை அல்லாஹ் பன்மையில் சொல்கிறான். ஈமானும் நல்லமலும் இருக்கிறது. அதோடு ஒருவருக்கொருவர் சத்தியத்தையும் பொறுமையையும் எடுத்துச்சொல்வதும் இருக்கிறது. ஒருவருக்கொருவர் என்றால் இரண்டு பேராவது வேண்டும். தனியாக யாரும் அந்த அத்தியாயத்தை நிறைவேற்ற முடியாது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும், அல்லது பிறகு வாசிக்கும் ஒரு சகோதரருக்குச் சொல்கிறேன். நீங்கள் யார் என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை, அல்லாஹ்வுக்குத் தெரியும். அவனுடைய ரஹ்மத்தில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று, தங்களுக்குத் தாங்களே அநியாயம் செய்துகொண்ட அடியார்களைத்தான் ஸூரா அஸ்ஸுமரின் 53-வது வசனத்தில் அவன் அழைக்கிறான். இன்று அஸருக்குள் ஒரு எண்ணை அழையுங்கள். இந்த வாரத்துக்குள் ஒரு கூட்டத்தில் போய் உட்காருங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் இமாமின் அறைக்கு வாருங்கள், கூட வருகிறோம். நூறு பேரைக் கொன்றவர் போய்ச் சேர்வதற்கு முன்பே, நடந்த தூரத்துக்காக மன்னிக்கப்பட்டார். நீங்கள் நடக்கத் தொடங்குங்கள்.

யா அல்லாஹ்! குடியின் பிடியில் இருக்கும் எங்கள் சகோதரர்களை விடுவிப்பாயாக! அவர்கள் உள்ளத்தில் அதன் மேல் வெறுப்பையும், உன் மேல் ஆசையையும் போடுவாயாக! அவர்களுக்கு நல்ல துணையைக் கொடுப்பாயாக! கண்ணீரோடு காத்திருக்கும் மனைவிமார்களுக்கும் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் நிம்மதியைத் தருவாயாக! எங்கள் நாவிலிருந்து சாபத்தை நீக்கி, எங்கள் கைகளை உதவிக்கு நீட்ட வைப்பாயாக! விட்டவர்களை மரணம்வரை உறுதியாக நிற்கச் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.